கடைசித் துளை

மீட்டர் அக்கா என்றால் அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். மின்சார அலுவலகத்தில், வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. எந்த வீட்டு மீட்டர் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்த வீட்டு நாய் குரைக்காமலே காரியத்தை முடித்துவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாயும் கொஞ்சம் நீளம். கட்டணம் எகிறிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், விளக்கை அணைக்க மீட்டருக்குக் கை கிடையாது என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள்.

சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. அம்மா போய், அப்பாவும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவனுக்குச் சோறு போட்டு, சட்டை மடித்து, அடி கொடுத்து, அடித்த கையாலேயே தைலம் தடவி வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அவனை ஒரு வழி பண்ணிவிட்டுப் பார்க்கலாம் என்று தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டாள். அவன் ஒரு வழியானபோது அந்தப் பேச்சை எடுக்க யாரும் மிச்சமில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். நல்ல வேலைக்காரன் என்று பெயரும் எடுத்தான். சாப்பிடும்போதுகூட கம்பி, கப்பி, பிரேக் என்றுதான் பேசுவான். பெட்டிக்குள் நிற்கிறவர்களுக்குத் தங்கள் உயிர் யார் கையில் இருக்கிறதென்றே தெரியாது என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வரும். அதைப் பார்க்கவே அக்கா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அக்கா விழுந்தது ஓர் அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில். மீட்டர் பெட்டியை எட்டிப் பார்க்க அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தாள். துருப்பிடித்த கம்பி கையோடு வந்துவிட்டது. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் அன்றோடு அடுத்தவர் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. கூடவே வரும், ஆனால் சொன்னால் கேட்காது.

மறுவாழ்வு மையத்தில் அவளுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அங்கே பட்டறையில் இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். அவளை உட்கார வைத்து, கையைத் தொங்கப் போடச் சொல்லி, விரல் சக்கரத்தில் எங்கே படுகிறதென்று பார்த்தார். நாற்காலியின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்ட இரும்புத் தகடு இருந்தது. பெரிய சக்கரத்தின் அச்சை அதில் எந்தத் துளையில் மாட்டுவதென்பதில்தான் விஷயமே இருக்கிறது என்றார்.

"அச்சு முன்னால வந்தா வண்டி லேசாயிடும், சொன்னபடி கேக்கும். ஆனா அசந்தா மல்லாத்திடும். பின்னால போனா மலை மாதிரி நிக்கும். மலை மாதிரியே நகரவும் நகராது."

அவள் மலை வேண்டாம் என்றாள். அவர் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த துளையில் மாட்டினார். பின்பக்கம் கவிழாமல் தாங்கிக்கொள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களைப் பொருத்தி, படி தாண்டும்போது மட்டும் அவற்றை மேலே மடக்கிக்கொள்ளலாம், தாண்டியதும் மறக்காமல் கீழே விட வேண்டும் என்று பலமுறை சொல்லி அனுப்பினார். முன்சக்கரத்தைத் தூக்கி வாசற்படி தாண்டுவதை அங்கேயே கற்றுக்கொண்டாள். முதல் முறை தாண்டியபோது அவளுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

தம்பி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அது கீழ்த்தள வீடு. வாசலில் ஒரு நிலைப்படி, அதைத் தாண்டினால் அவன் சிமெண்டில் போட்ட சரிவு, அதன் பிறகு தெரு. தம்பி மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல பெண்தான், ஆனால் களைத்த பெண். அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். குளியலறைக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததும், மேசைகளையெல்லாம் ஓரமாக நகர்த்த வேண்டியிருந்ததும் அவள் வாயில் வராது. மிஷினை மிதிக்கிற வேகத்தில் வரும்.

அலுவலகத்தில் மீட்டர் அக்காவை மின்தடைப் புகார் மேசையில் உட்கார வைத்தார்கள். தெரு முனையில்தான் அலுவலகம். காலையில் அவளே நிலைப்படியைத் தாண்டி, சரிவில் இறங்கி, நடைபாதை ஓரமாகவே உருட்டிக்கொண்டு போய்விடுவாள். தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் கத்துகிறவர் எந்தச் சந்தில் எந்த வீட்டிலிருந்து கத்துகிறார் என்று குரலை வைத்தே சொல்வாள். உங்க வீட்டு ஃப்யூஸ் மாடிப்படிக்குக் கீழ இருக்கு, மொதல்ல அதப் பாருங்க என்பாள். கத்தியவர் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு அசடு வழிவார். அப்படிச் சில வருடங்கள் ஓடின. அவள் குறை சொல்லாத வருடங்கள் அவை.

அதைக் கெடுத்துக்கொண்டது அவள்தான். அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் காலை அவசரத்தில் நிலைப்படியைத் தாண்டியவள், குட்டிச் சக்கரங்களைத் திரும்பக் கீழே விட மறந்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஏதோ கேலி சொல்லிக்கொண்டே சரிவின் தொடக்கத்திலேயே சக்கரத்தை வேகமாக உந்தினாள். நாற்காலி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே மல்லாந்தது. பின்மண்டை சிமெண்டில் இடித்துத் தையல் போடும்படி ஆனது. தெருவே கூடிவிட்டது. தம்பி உள்ளேயிருந்து ஓடி வந்து தூக்கினான். அவளைத் தூக்கித் தூக்கியே அவனுக்கு முதுகுவலி வந்திருந்த காலம் அது. அவன் பல்லைக் கடித்ததை அவள் பக்கத்தில் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ, இப்படித் தனியா விட்டிருக்கீங்களே என்று அவனைப் பார்த்துச் சொன்னார்கள். தையலைவிட அந்த வார்த்தைதான் அவனுக்குள் வேலை செய்தது.

அந்த வாரக் கடைசியில், அவள் கட்டிலில் படுத்திருந்தபோது அவன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு ஸ்பேனரோடு உட்கார்ந்தான். அச்சைக் கழற்றி, தகட்டில் இருந்த துளைகளில் கடைசித் துளைக்குக் கொண்டுபோனான். குட்டிச் சக்கரங்களை மடக்க முடியாதபடி கம்பி சுற்றி முறுக்கினான். அவள் வேண்டாம் என்றாள். பட்டறைக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"அக்கா, நான் லிஃப்ட்டையே நிறுத்துறவன். இதென்ன, நாலு சக்கரம். எனக்குத் தெரியாதா?"

"நிறுத்துறது தெரியும்டா. எனக்கு இது ஓடணும்."

"நீ விழுந்தா யாரு தூக்குறது, சொல்லு."

தூக்குகிறவன் கேட்கும் கேள்விக்கு, தூக்கப்படுகிறவள் என்ன பதில் சொல்வாள்.

அதன் பிறகு நாற்காலி மலை மாதிரிதான் நின்றது. யார் எப்படித் தள்ளினாலும் கவிழாது. ஆனால் சக்கரம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால், அதைப் பிடிக்க அவள் கையைப் பின்னுக்கு வளைத்து இழுக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இரண்டும் பழுத்த கட்டி மாதிரி வலித்தன. எடை முழுவதும் முன்னால் விழுந்ததில் முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் நடைபாதையின் ஒவ்வொரு வெடிப்பிலும் மாட்டிக்கொண்டு நின்றன. நிலைப்படியை அவளால் தாண்டவே முடியவில்லை. முன்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கினாலே பின்னால் குட்டிச் சக்கரங்கள் தரையில் முட்டி, போதும் உட்கார் என்றன.

ஆக, காலையில் தம்பி தள்ளிக்கொண்டு போய் விட வேண்டும். மாலையில் அழைத்து வர வேண்டும். கொஞ்ச நாள் செய்தான். பிறகு எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிடும், அவன் விடிந்ததும் ஓட வேண்டியிருக்கும். தம்பி மனைவிக்குத் துணி கொடுக்க வேண்டிய கெடு. அக்கா உடுத்தித் தயாராகி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பாள். தெரு அங்கே, ஒரு சாண் உயரத்துக்கு அந்தப் பக்கம், போய்க்கொண்டிருக்கும். அலுவலகத்தில் மேலாளர் முதலில் பரவாயில்லை என்றார். அப்புறம் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அது தெரியாத அளவுக்கு அவள் குழந்தை இல்லை. வேலையை விட்டு நின்றுகொண்டாள். தம்பி, நல்லதாப் போச்சு, இனிமே ரெஸ்ட் எடு என்றான். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே போகாத வண்டிக்கு யார் காற்றடிப்பார்கள். டயர் மெல்ல மெல்ல இளைத்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது அது ஒரு மாதிரி அசைவது போலிருக்க, பிரேக் லூசா இருக்கு, கொஞ்சம் பாரு என்று தம்பியிடம் சொன்னாள். பார்க்கிறேன் என்றான். மனிதன் மறப்பதுதான். அவளும் திரும்பச் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் புகாராகவே காதில் விழும் வீட்டில் எதை எத்தனை முறை சொல்வது.

ஒரு முற்பகலில் தம்பி மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அக்கா எப்போதும் போல நாற்காலியைக் கட்டிலை ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, ஒரு கையைக் கட்டிலிலும் ஒரு கையை இருக்கையிலும் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டது. அவள் நடுவில், மடங்கிய காலின் மேலேயே விழுந்தாள். ஏதோ ஒன்று ஒடிகிற சத்தம் கேட்டது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

கையெட்டும் தூரத்தில் தொலைபேசி இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். தெருச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அப்படியே கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். நாற்காலி சுவரில் முட்டி நின்றிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் கீழேயிருந்து பார்த்தாள். பிரேக் கைப்பிடி போட்டபடிதான் இருந்தது. ஆனால் டயரை அழுத்த வேண்டிய பிரேக் கட்டை டயரைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் போகிற இடைவெளி. ஜன்னல் வெளிச்சம் அந்த இடைவெளி வழியாக வந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது.

மெதுவாகத்தான் அவளுக்கு எட்டியது. தம்பி சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோனான். பிரேக்கை அதன் பழைய இடத்திலேயே விட்டுவிட்டான். டயரில் காற்று முறுக்காக இருந்தவரை பட்டும் படாமலும் பிடித்திருக்கிறது. காற்று இறங்க இறங்க அதுவும் விட்டுவிட்டது. அவள் விழக் கூடாதென்று அவன் செய்த வேலைதான் அவளைத் தள்ளிவிட்டிருந்தது.

தம்பி மனைவி வந்து கதவைத் திறந்து, பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அப்புறம் ஆட்கள், வண்டி, ஆஸ்பத்திரி. தொடை எலும்பு முறிவு. கண் விழித்தபோது தம்பி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். வந்து பார்த்தவர்களிடமெல்லாம், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தானே ஏறியிருக்கிறாள், சொன்னால் கேட்க மாட்டாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் அவளைப் பார்த்து, இந்த வயசுல இந்தப் பிடிவாதம் ஆகாது என்று செல்லமாகத் திட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவள் தம்பியைக் கிட்டே அழைத்தாள். பிரேக் கட்டை டயரைத் தொடவில்லை, நான் கண்ணால் பார்த்தேன் என்றாள்.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று நின்றது. பிறகு சரியாகிவிட்டது.

"பிரேக்ல ஒண்ணும் இல்லக்கா. நீ சரியாப் போட்டிருக்க மாட்ட."

கையில் ஊசி, காலில் கட்டு. வாதாட அவளுக்குத் தெம்பில்லை.

எலும்பு கூடி வீடு திரும்பக் காலம் பிடித்தது. திரும்பிய அன்று தம்பி மனைவி அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். டயரில் காற்று கல் மாதிரி இருந்தது. பிரேக்கைப் போட்டாள். நறுக்கென்று கவ்விக்கொண்டது. குனிந்து பார்த்தாள். பிரேக்கைப் பிடித்திருந்த கவ்வி, குழாயில் நன்றாகப் பின்னுக்கு நகர்ந்திருந்தது. அது முன்பு இருந்த இடத்தில் பெயிண்ட் மங்கி, ஒரு வளையம் போலத் தழும்பு தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். அது பழைய இடம், இது புது இடம். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம்தான் அவளுடைய தொடை எலும்பு.

தம்பி மனைவி அதைக் கவனித்துவிட்டாள். கொஞ்ச நேரம் மிஷினில் உட்கார்ந்து எதையோ தைப்பது போலப் பாவனை செய்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ அவரு இதப் பிரிச்சுப் போட்டுட்டு, பக்கத்துலயே உக்காந்து அழுதாரு. நான் அவரு அழுது பாத்ததே இல்ல."

அக்கா சரிம்மா என்று மட்டும் சொன்னாள். ஆனால் அன்று மதியம் முழுக்க அவள் மனது இளகிக் கிடந்தது. அழுதிருக்கிறான். அது போதும் என்று நினைத்தாள். அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், கவனிக்காம விட்டுட்டேன்கா என்று சொன்னால் போதும். சரி விடுடா என்று சொல்வதற்குத் தயாராக, அந்த வார்த்தையை நாக்கு நுனியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாலையில் அவன் வந்து, கைகால் கழுவி, டீயோடு எதிரில் உட்கார்ந்தான். அவள் சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பிரேக்கை மாத்தி வெச்சிருக்கியா?"

"இல்லையே."

"முன்னால இருந்துச்சுடா. இப்போ பின்னால இருக்கு."

அவன் டீயை ஊதினான்.

"அது மொதல்லேருந்தே அங்கதான்கா இருக்கு."

மிஷின் சத்தம் நின்றது. தம்பி மனைவி துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டு, அது தானா விழுந்துச்சு என்று சொன்னபோதும் இதே முகம்தான். அப்போது முதுகில் ஒன்று வைத்தாள். இப்போது எதை வைப்பது. லிஃப்ட்டில் ஏறுகிற ஊரின் உயிரே தன் பிரேக்கில்தான் இருக்கிறது என்று பேசி வந்தவன் அவன். அவனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாது என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் மனது ஆறிவிடவும் இல்லை. நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள்.

அடுத்த மாதங்களில் அவள் காரியத்தைச் சத்தமில்லாமல் பார்த்தாள். புகார் மேசையில் கூட இருந்த ஒரு தோழி, கணவன் இறந்த பிறகு இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். நிலைப்படி இல்லாத வீடு. வர்றியா என்று எப்போதோ விளையாட்டாகக் கேட்டதை அக்கா இப்போது நினைவூட்டினாள். பழைய வேலை கிடைக்குமா என்று விசாரித்தாள். புகார் மேசையையே எடுத்துவிட்டார்களாம். இப்போது அங்கே ஒரு பதிவு செய்த குரல், மின்தடைக்கு ஒன்றை அழுத்துங்கள் என்கிறதாம். அந்தக் குரலுக்கு எந்த வீட்டு ஃப்யூஸ் எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கடைசியில் ஒரு சலவைக் கடையில் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கிற வேலை கிடைத்தது.

கிளம்பும் விஷயத்தைச் சொன்னபோது தம்பி கோபப்பட்டான். நாலு பேர் என்னை என்ன சொல்வார்கள் என்றான். அவன் கேட்டிருக்கக்கூடிய எத்தனையோ கேள்விகளில் அதைத்தான் தேர்ந்தெடுத்தான். தம்பி மனைவி அழுதாள், துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். அவள் தோளில் நிம்மதி இறங்குவதையும் அக்கா பார்த்தாள். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது.

போகும் வழியில் மறுவாழ்வு மையத்துக்குப் போனாள். அதே பட்டறைக்காரர், தலை நரைத்திருந்தார். அவர் கம்பிச் சுற்றலை வெட்டி எறிந்தார். தோள் பழைய தோள் இல்லை என்று அழுத்திப் பார்த்துச் சொன்னார். முந்தைய துளைக்கே போக வேண்டாம், அதற்கு ஒன்று பின்னால் வைப்போம், காலும் தோளும் தேறுவதைப் பார்த்துவிட்டுப் பிறகு முன்னால் வரலாம் என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். அச்சை மாட்டியதும் அவளையே பிரேக்கைத் தளர்த்தி நகர்த்தச் சொன்னார். கட்டை டயரில் எவ்வளவு அழுந்த வேண்டும், காற்று குறைந்தால் எப்படித் தெரியும் என்று கையில் ஸ்பேனரைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். யார் தொட்டாலும் தொட்ட பிறகு நீங்கள் ஒரு முறை பாருங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு, முதுகுப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தள்ளும் கைப்பிடிகளையும் கழற்றிவிடச் சொன்னாள்.

அவர் யோசித்தார். ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் பிடித்து நிறுத்த ஒருவருக்கும் வழியிருக்காது என்று எச்சரித்தார்.

"பரவால்ல. கழட்டுங்க."

புது வீட்டுக்கு அவள் குடிபோய்க் கொஞ்ச நாள் கழித்துத் தம்பி பார்க்க வந்தான். அவள் சலவைக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வா, பேசிக்கொண்டே போகலாம் என்றாள். அவன் பழக்கத்தில் பின்னால் போய் நின்று, தள்ளுவதற்குக் கையை நீட்டினான். கை வெறுங்காற்றைப் பிடித்தது. அவன் நாற்காலியின் முதுகுத் துணியைப் பார்த்தான், கைப்பிடி இருந்த இடத்தில் மொட்டையாக நின்ற குழாயைப் பார்த்தான். கைகளைக் கால்சட்டைப் பைகளில் விட்டுக்கொண்டான்.

இருவரும் நடைபாதை ஓரமாகப் போனார்கள். அவனுடைய முதுகுவலி, அவன் மனைவிக்குப் புதிதாக வாங்க வேண்டிய மிஷின், ஒரு கட்டடத்தில் கழற்றிக்கொண்டிருக்கும் பழைய லிஃப்ட் என்று பேச்சு போயிற்று. அவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். சலவைக் கடை வாசலில் ஒரு சிறிய படி. அவள் ஒரு கணம் நின்று, குட்டிச் சக்கரங்களை மடக்கி, மூச்சை இழுத்து, முன்சக்கரத்தைத் தூக்கினாள். முதல் தடவை ஏறவில்லை. அவன் ஓர் அடி முன்னால் வந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை ஏறியது. உள்ளே போய், குட்டிச் சக்கரங்களை மறக்காமல் கீழே விட்டு, மேசைக்குப் பின்னால் திரும்பியபோது அவன் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுப்பது போலிருந்தது. தொலைபேசி அடித்தது. அவள் எடுத்துப் பேசினாள். பேசி முடித்து நிமிர்ந்தபோது அவன் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தான்.